வலிக்காத அடைப்பு: விழித்திரை நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

'கண் நரம்பு அடைப்பு' என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்கு முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பேச்சில் ரத்தம் ஓடும் குழாயும் நரம்புதான், உணர்வைக் கடத்துவதும் நரம்புதான். இங்கே அடைபடுவது ரத்தக் குழாய். நரம்புக்கான வைட்டமின் மாத்திரை அதைத் திறக்காது.

குழாயிலும் இரண்டு வகை. தமனி அடைத்தால் வாய்க்கால் அடைத்த வயல் மாதிரி, பயிர் காயும். சிரை அடைத்தால் வடிகால் அடைத்த வயல், தண்ணீர் தேங்கும். முன்னதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். பின்னது மாதக்கணக்கில் நீளும் வைத்தியம்.

ஜூன் 5, வியாழன்

தமனி அடைப்பு. ஒரு கண்ணில், வலியே இல்லாமல், சில நொடிகளில் பார்வை போகும். வலி இல்லாததால்தான் 'தூங்கி எழுந்தால் சரியாகும்' என்று விட்டுவிடுகிறார்கள். குரங்குகளில் செய்த ஆய்வில் சுமார் 97 நிமிட அடைப்பு வரை விழித்திரை தாங்கியது. 240 நிமிடம் ஆனபோது பெரும் சேதம், மீளவில்லை.

உள்ளே பார்த்தால் விழித்திரை வெளுத்து, நடுவில் மட்டும் செர்ரிப் பழச் சிவப்பு. நடுக்குழியில் விழித்திரை மெல்லியது. பின்னால் இருக்கும் ரத்தப் படலம் அதன் வழியே தெரிகிறது.

இது கண்ணில் வந்த பக்கவாதம். கண்ணாடிக் கடைக்கோ, நாளைய அப்பாயின்ட்மென்டுக்கோ இதில் இடமில்லை. பக்கவாதச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்: மூளை ஸ்கேன், கழுத்துத் தமனி ஸ்கேன், ஈசிஜி. பத்து நிமிடம் இருண்டு தானாகத் திரும்பினாலும் போக வேண்டும். அடுத்த அடைப்பு மூளையில் விழலாம். 50 வயதைத் தாண்டியவர், தலைவலியும் மெல்லும்போது தாடை வலியும் இருந்தால், தமனி அழற்சியா என்று அன்றே ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும். நம்மிடையே அரிதுதான், ஆனால் ஸ்டீராய்டு தாமதமானால் அடுத்த கண்ணும் போகும்.

ஜூன் 10, செவ்வாய்

சிரை அடைப்பு ஏன் குறுக்குச் சந்திப்பில் வருகிறது? விழித்திரையில் தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறை. பிரஷரால் தடித்த தமனி மெல்லிய சிரையை அழுத்துகிறது, ஓட்டம் கலங்கி ரத்தம் உறைகிறது. மையச் சிரையில் என்றால், அது பார்வை நரம்போடு கண்ணை விட்டு வெளியேறும் சல்லடை போன்ற இடத்தின் அருகே.

தேங்கிய ரத்தம் கசிந்து, மாக்குலாவில், அதாவது கூர்மையான பார்வை தரும் விழித்திரையின் நடுப்பகுதியில், நீர் கோத்துக்கொள்ளும். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் அந்த வீக்கத்தை மைக்ரான் கணக்கில் அளக்கலாம். பிரஷர், சுகர், கொழுப்பு பார்ப்பதோடு, இரண்டு கண்ணின் அழுத்தமும் பார்க்க வேண்டும். வயது குறைந்தவர் என்றால், ரத்தத்தில் கூடினால் உறைவுக்கு வழிவிடும் ஹோமோசிஸ்டைனும்.

ஜூன் 12, வியாழன்

மாக்குலா வீக்கத்துக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி. கிருமியைக் கொல்ல 5 சதவீத பொவிடோன் அயோடின் விட்டு, கருவிழி விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி, 30 கேஜ் ஊசியில் 0.05 மி.லி. ரானிபிசுமாப் 0.5 மி.கி., அஃப்லிபெர்செப்ட் 2 மி.கி., பெவாசிசுமாப் 1.25 மி.கி. கடைசியாகச் சொன்னது புற்றுநோய்க்கு வந்த மருந்து. விலை குறைவு, ஆனால் ஒரு குப்பியைப் பலருக்குப் பிரிப்பதால் சுத்தத்தில் இம்மியும் பிசகக் கூடாது.

மருந்து அடைப்பைத் திறப்பதில்லை, வீக்கத்தை மட்டுமே வற்ற வைக்கிறது. ஒரு மாதம் போல வேலை செய்யும், பிறகு நீர் திரும்பக் கோக்கலாம். 'ஊசி பலிக்கவில்லை' என்று பலர் நிறுத்துவது இங்கேதான். ஆரம்பத்தில் மாதாமாதம் போட்டு, ஓசிடி பார்த்து இடைவெளியை நீட்டுவதுதான் முறை. கண்ணுக்குள் வைக்கும் ஸ்டீராய்டுத் துண்டான 0.7 மி.கி. டெக்ஸாமெதசோன் இம்பிளான்ட் சில மாதம் தாங்கும். கண் அழுத்தமும் புரையும் ஏறலாம்.

ஊசி போட்ட இடத்தில் வெள்ளை விழியில் ரத்தத் திட்டு இருந்தால் பயமில்லை, கரைந்துவிடும். அடுத்த சில நாட்களில் வலி கூடி, சிவந்து, பார்வை மங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். இரவானாலும் அப்போதே வர வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

மையச் சிரை அடைப்பில் ரத்த ஓட்டம் மிகக் குறைந்த வகைதான் பொல்லாதது. பட்டினி கிடக்கும் விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அந்தக் குழாய்கள் ஐரிஸிலும் (பாப்பாவைச் சுற்றிய நிற வளையம்) முளைத்து, கருவிழிக்குப் பின்னுள்ள கண்நீர் வடிகாலை மூடிக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அடைப்பு வந்து சுமார் மூன்று மாதத்தில் இது தலைகாட்டுவதால்தான் 'நூறு நாள் குளுக்கோமா' என்ற பெயர். முதல் சில மாதம் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும், குழாய் முளைத்தால் லேசர். ஆனால் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டபின் பார்த்தால் அதன் விளிம்பில் இருக்கும் நுண்குழாய்கள் தெரியாது. ஆகவே சொட்டுக்கு முன்பே ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் ஐரிஸ், பிறகு அந்த வடிகாலைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி, அதன் பிறகே சொட்டு.