650 கிலோமீட்டர் சுகம், 30 கிலோமீட்டர் சோகம்

டாக்ஸிக்காரர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி ஏர்போர்ட்டிலிருந்து திருநெல்வேலிக்கு 1,500 கேட்டார். 30 கிலோமீட்டர்தான் வே! நேற்று திருநெல்வேலியிலிருந்து வந்தே பாரத் ரயிலில் சென்னைத் தாம்பரம் வரை போக ஒரு ஆளுக்கு ஆனதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

போனது சித்தியைச் சிங்கப்பூருக்கு ஏற்றிவிட. மகளுக்குப் பிரசவம். வாகைக்குளத்திலேயே ஏறிச் சென்னையில் மாறியிருக்கலாமே என்பீர்கள். உள்ளூர் விமானத்தில் 15 கிலோதான் விடுவார்கள். சித்தியின் பெட்டி இரண்டும் சேர்ந்து 28: கருப்பட்டி, சுக்கு, லேகியச் சாமான், போதாததற்கு அல்வா 2 கிலோ. சிங்கப்பூர் டிக்கெட்டில் 30 கிலோ உண்டு, ஆனால் அது தனி டிக்கெட். அந்தச் சலுகை சென்னையில்தான் செல்லும். ரயில் ஏசி சேர் காரில் 40 கிலோ வரை கேள்வியே கிடையாது. ஒரு கருப்பட்டி மூட்டைதான் எங்கள் பாதையை முடிவு செய்தது.

விருதுநகர் தாண்டியதும் சித்தி பொட்டலத்தைப் பிரித்தார். நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் ஊறின இட்லி, வாழையிலை வாசத்தோடு. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை சித்தியே இரண்டு இட்லியை நீட்டிவிட்டார்.

வண்டியைப் பற்றி எனக்குக் குறையில்லை. 180 வேகத்துக்குக் கட்டியது, நம் பாதையில் அதற்கு வழியில்லை. புதுப்பாதை போட்டு 250-ல் ஓடினால்தான் உலகத்தில் அதிவேக ரயில் என்கிறார்கள். இருக்கட்டும், 8 மணி நேரத்துக்குள் எழும்பூர் வந்துவிடுகிறதே!

ஆனால் சென்னை ஏர்போர்ட்டுக்கு எதிரிலேயே இருக்கிற திரிசூலத்தில் நிற்காது. கண்ணெதிரே அதைத் தாண்டித்தான் எழும்பூர் போகிறது. நாம் தாம்பரத்தில் இறங்கி, லிஃப்ட் எந்தப் பக்கம் என்று தெரியாமல் படியேறி, மின்சார ரயில் பிடித்து நாலாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அதற்கு 5 ரூபாய், ஆட்டோ 500. நான் 5 ரூபாய்ப் பக்கம் சாய்ந்தேன். பாதிப் படியில் சித்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஏல, பெட்டியத் தூக்குதியா, என்னையத் தூக்குதியா?"

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். விமானம் ராத்திரி 11 மணிக்கு. ஏன் அவ்வளவு முன்னாடி? ரயில் தாமதமானால் விமானக்காரருக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். ரயில் மாறி ரயில் ஏறினால்கூட 2019 முதல் இரண்டு டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம், முதல் வண்டி தாமதித்து அடுத்தது தவறினால் அந்தக் காசு திரும்ப வரும். எங்கள் டிக்கெட்டுகளுக்கு அந்த உறவு கிடையாது. ஜெர்மனியில் பிராங்பர்ட் ஏர்போர்ட்டிலேயே 1999-ல் அதிவேக ரயிலுக்கு ஸ்டேஷன் திறந்துவிட்டார்கள். ரயிலுக்கும் விமானத்துக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கலாம். ரயில் தாமதத்தில் விமானம் போனால் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பாடு. நாங்கள் அந்த உத்தரவாதத்துக்குப் பதிலாக ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தோம். ஏர்போர்ட் காபி விலையை எழுதக் கை வரவில்லை.

சித்தி போனதும் ராத்திரியை அங்கேயே கழித்துவிட்டு, மலிவாகக் கிடைத்த காலை விமானத்தில் திரும்பினேன். ஒன்றரை மணி நேரம். வாகைக்குளத்தில் 2025-ல் திறந்த புது முனையம் பளபளவென்று இருக்கிறது, 17,340 சதுர மீட்டராம். வெளியே வந்தால் ரயில் கிடையாது. மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி போகும் பாதை வடக்கே ஒதுங்கிவிட்டது, திருச்செந்தூர் பாதை தெற்கே. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஏர்போர்ட்.

மெயின் ரோட்டுக்கு நடந்தேன். மூன்று பஸ் நிற்காமல் போனது. மூன்றாவதில் கண்டக்டர் கையை வேறு விரித்துக் காட்டினார். வெயில் ஏறிவிட்டது. அந்த நேரத்தில்தான் சித்தியிடமிருந்து போன். "வந்து சேந்துட்டேன்ல, பேத்தியப் பாத்தாச்சு. அல்வா உடையாம வந்துட்டு. நீ வீட்லதான இருக்க?"

என்ன சொல்ல? வேறொரு காரை மறித்து 1,000-ல் ஆரம்பித்து 800-க்குப் படிந்தேன். "அண்ணாச்சி, கே.டி.சி. நகர்ல இறங்கிக்கிடுங்க, ஜங்ஷன்னா இன்னும் நூறு ஆவும்" என்றார்.

ஊர் எல்லையில் இருக்கிற கே.டி.சி. நகரிலேயே இறங்கி டவுன் பஸ் ஏறினேன்.