மான்கொம்புத் தூண்டிலும் நம்ம கரையும்

ஜப்பான்ல ஜோமோன் காலம்னு ஒண்ணு உண்டு. நெல்லு விவசாயம் அங்க வர்றதுக்கு முன்னாடி பல ஆயிரம் வருஷம் பெரும்பாலும் கடலையும் காட்டையும் நம்பி வாழ்ந்த சனங்க. அவங்க எலும்புலயும் மான்கொம்புலயும் செஞ்ச தூண்டில், ஈட்டி முனை படங்களத்தான் இப்பல்லாம் ராத்திரி தூக்கத்த விட்டுட்டு பாத்துக்கிட்டு இருக்கேன். ராமநாதபுரம் பக்கம் மண்டபங்கற கடற்கரை ஊர்ல பொறந்தவனுக்கு ராஜாக்கமாரு கிரீடத்தவிட இதுதான் பெருசாத் தெரியுது.

டோக்கியோவுக்குத் தெக்க யோகோசுகா பக்கம் நட்சுஷிமாங்கற எடத்துல கெடச்ச எலும்புத் தூண்டிலுக்கு வயசு 9,000 வருஷத்துக்கும் மேல. ஒகினாவா தீவுல சகிதாரி குகையில அதவிடப் பழசே கெடச்சிருக்கு, சுமார் 23,000 வருஷம், ஆனா அது எலும்பு இல்ல, கடல் நத்தை ஓட்ட தேச்சு செஞ்சது. மான்கொம்புத் தூண்டில்ல எனக்குப் புடிச்சது அதோட வேலைப்பாடு. கொம்ப வெட்டி, உள்ள குடைஞ்சு எடுத்து, கல்லுல தேச்சுத் தேச்சு வளைவக் கொண்டு வந்திருக்காங்க. மீனு கழண்டு போகாம இருக்க நுனிக்கிட்ட எதிர்முள்ளு, சிலதுல உள்பக்கமா, சிலதுல வெளிப்பக்கமா. தண்டு தலையில கயிறு நழுவாம இருக்க ஒரு வெட்டு. இன்னைக்கு தங்கூஸுங்கற நைலான் நரம்புல கட்டுற இரும்புத் தூண்டில்லயும் இருக்கறது இதே சங்கதிதான், வேற ஒண்ணும் புதுசா சேரல.

அடுத்தது ஈட்டி முனை. வடக்க செண்டாய் விரிகுடா பக்கம், அதாவது 2011ல சுனாமி அடிச்ச அதே கரையில, மான்கொம்புல ஒரு தினுசு முனை நெறையக் கெடச்சிருக்கு. முனை தனி, கம்பு தனி, முனையில கயிறு கட்டியிருக்கும். மீனுக்குள்ள எறங்குனதும் கம்பு கழண்டு வந்துரும், முனை மட்டும் உள்ளயே தங்கி, கயித்த இழுக்க இழுக்க சதைக்குள்ள குறுக்கால திரும்பிக்கும். பெரிய சூரை, கடல்நாய் எல்லாம் இப்படித்தான் புடிச்சிருக்காங்க. படத்த சித்தப்பாகிட்ட காட்டுனேன், போன கையில வாங்கி பெருசாக்கிப் பாத்துட்டு, "கயிறு நடுவாக்குலதான கட்டியிருக்கான் அப்பு? கடைசியில கட்டுனா திரும்பாது, உருவிக்கிட்டு வந்துரும்"னாரு. ஆமா சித்தப்பா, நடுவாக்குலதான்னேன். "கம்பு கழண்டதும் நல்லது. பெருசு ஒண்ணு துள்ளுனா கம்புதான் மொதல்ல முறியும்"னு சொல்லிட்டு போனத் திருப்பிக் குடுத்தாரு. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைய முழுசா படிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

திருக்கை முள்ளயும் அவங்க விடல, அத முனையா வச்சு குத்தியிருக்காங்க. வலையில திருக்கை ஏறுனா நம்ம ஆளுங்க மொதல்ல அந்த வெச முள்ளு இருக்கற வால வெட்டுறது எதுக்குன்னு இங்குட்டு சின்னப் பயலுக்கும் தெரியும். முனையையும் கயித்தையும் ஒட்ட, தரையில தானா ஊறுற தாரப் பூசியிருக்காங்க, சில கருவியில அந்தக் கறுப்பு இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு.

இதெல்லாம் எப்படி மிஞ்சுச்சுங்கறதுதான் என்னய ரொம்ப யோசிக்க வைக்குது. ஜப்பான் மண்ணு பெரும்பாலும் எரிமலை மண்ணு, அமிலம் சாஸ்தி, எலும்பக் கரைச்சிரும். ஆனா அவங்க தின்னுட்டுப் போட்ட சிப்பி ஓடு மேடு மேடா குவிஞ்சு, அதுல இருந்த சுண்ணாம்புச் சத்து அமிலத்த முறிச்சு எலும்பக் காப்பாத்திருச்சு. 1877ல எட்வர்ட் மோர்ஸுங்கற அமெரிக்காக்காரரு ரயில்ல டோக்கியோ போறப்ப, ஓமோரியில ஜன்னல் வழியா அப்படி ஒரு சிப்பி மேட்டப் பாத்துட்டு, அப்புறம் போயி தோண்டுனாரு. அந்த நாட்டுல முறையான தொல்லியல் அங்கதான் தொடங்குச்சுன்னு சொல்லுவாங்க.

நம்ம பக்கம் சிப்பியும் பவளப்பாறையும் கெடச்சா நேரா சுண்ணாம்புக் காளவாசலுக்குத்தான் போச்சு. வீடு கட்ட வேணும், அதக் குத்தம் சொல்ல முடியாது. கீழடியில எலும்புல செஞ்ச கூர்முனைங்க கெடச்சிருக்கு, நெசவுக்கு வச்சிருந்ததுன்னு சொல்றாங்க. கீழடி பக்கம் ஓடுற அதே வைகை கடலச் சேர்ற பக்கம் இருக்கற அழகன்குளத்துல ரோமானியச் சாமானெல்லாம் கெடச்சு உலகத்துக்கே தெரிஞ்சுச்சு. வியாபாரம் பண்ணுனவன் பத்திப் பேசுறோம், சரிதான், அந்தத் துறைமுகத்துக்கு மீனு கொண்டாந்தவன் கையில என்ன இருந்துச்சுன்னும் அதே அளவுக்குத் தேடணும்.

தொண்டி, கீழக்கரை, பாம்பன் பக்கம் இருக்கறவங்க வீட்டுப் பரண்ல பழைய தூண்டில், மரமிதவை, குத்தீட்டி எது கெடந்தாலும் காயலாங்கடையில போட்டுறாதீங்க. ஒரு போட்டோ எடுங்க, எந்த மீனுக்கு, எந்தக் காத்துல, வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா)ன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு கூடவே எழுதி வைங்க. கடல்பாசி எடுக்கப் போற அக்காமாருங்க விரல்ல சுத்திக்கிட்டுப் போற துணியையும் சேத்துத்தான் சொல்றேன், அதெல்லாம் எந்தச் சிப்பி மேட்டுலயும் மிஞ்சாது.