பின்னோக்கி ஓடப் பத்து மாதம்

யாரும் என்னை இடிக்கவில்லை. யாருடைய காலும் என் மேல் படவில்லை. 2023 அக்டோபர் கடைசியில், சீசனுக்கு முந்தைய ஒரு கால்பந்துப் பயிற்சி ஆட்டம். நான் தடுப்பாட்டக்காரி. எதிரணியின் முன்கள ஆட்டக்காரி இடப்பக்கம் போவதாகக் காட்டி வலப்பக்கம் வெட்டினாள். நானும் கூடவே திரும்பினேன். பூட்ஸ் புல்லில் பதிந்து நின்றுவிட்டது. உடம்பு திரும்பியது, வலது முழங்கால் திரும்பவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்னால் நின்ற கோல்கீப்பருக்கும் அது கேட்டிருக்கிறது.

மறுநாள் காலை நான் நடந்தேன். இதை எழுதுவதற்கு அதுதான் முதல் காரணம். அடிபட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிப் பளபளத்தது. ஆனாலும் நடக்க முடிந்ததால் சுளுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் சுளுக்கு என்றால் முதலில் எண்ணெய்க் கட்டுத்தான். பன்னிரண்டு நாள் கட்டோடு கிடந்தேன். கட்டியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் மூட்டு வீங்கினால், பெரும்பாலும் உள்ளே ரத்தம் கசிந்திருக்கும், தசைநார் போயிருக்கும். விளையாடுகிற எங்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் சொல்கிறேன், தங்கைகளே: அந்தச் சத்தம் கேட்டால் நடக்க முடிகிறதா என்று பார்க்காதீர்கள். எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஏ.சி.எல். என்று எல்லோரும் சொல்கிற தசைநார் முழுவதும் அறுந்திருந்தது. முழங்காலுக்குள் குறுக்கே ஓடி, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பிடித்து வைத்திருப்பது அது. ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரிகளுக்கு அது பல மடங்கு அதிகமாக அறுகிறது என்று மருத்துவர் சொன்னார்.

வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு கேரளத்துடையது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டில் எங்களுக்கு இடமில்லை. கிளப் பக்கமும் கை விரித்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒன்றை அறிவித்திருந்தது: பெண்கள் லீக்கின் எட்டு அணிகளும் தலா பத்து இந்திய ஆட்டக்காரிகளையாவது ஆண்டுக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்ய வேண்டும். அந்த உயரத்தில் நான் இல்லை. என்னுடையது சில மாத ஒப்பந்தம். காயம் பட்டால் செலவு யாருடையது என்ற வரியே அதில் இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று சந்தோஷத்தில் அதைத் தேடவும் இல்லை. அப்பா இரண்டு கறவை மாடுகளில் ஒன்றை விற்றார்.

உடனே அறுவை சிகிச்சை நடக்கும் என்று நினைத்தேன். மருத்துவர் மறுத்துவிட்டார். வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தொடைத் தசை மறுபடி இறுகினால்தான் கத்தியைத் தொடுவேன் என்றார். ஐந்து வாரம் குதிகாலின் கீழ் துண்டைச் சுருட்டி வைத்து முழங்காலைத் தரையை நோக்கி அழுத்துவதே வேலை. டிசம்பர் நடுவில் அறுவை சிகிச்சை முடிந்தது. என் தொடையின் பின்புறத் தசைநாரிலிருந்தே ஒரு துண்டு எடுத்து ஒட்டினார்கள்.

அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் தையல் நாடாவால் என் இரண்டு முழங்காலையும் அளந்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தார்.

செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் கோவை. பிசியோதெரபி அக்கா கண்டிப்பானவர். இரண்டாம் மாதம் வலி அறவே இல்லை. மாடிப்படி ஏறினேன், இனி மெதுவாக ஓடலாமா என்று கேட்டேன். “வலி இல்லை என்பதை என்னிடம் சொல்லாதே. ஒட்டு வைத்த தசைநார் இப்போதுதான் மிகவும் பலவீனமாக இருக்கும். பழைய திசு கரைந்து புதியது வருகிற நேரம் இது” என்றார். பலர் இந்த இடத்தில்தான் இரண்டாம் முறை அறுத்துக்கொள்கிறார்கள். கால் நலமாகிவிட்டது போலத் தோன்றும். உள்ளே கயிறு இன்னும் கயிறாகவில்லை.

அந்த ஜனவரியில் இங்கிலாந்து அணித் தலைவி லியா வில்லியம்சன் மறுபடி களமிறங்கினார். அவரும் தடுப்பாட்டக்காரி. 2023 ஏப்ரலில் அதே தசைநார் அறுந்து, உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பையே இழந்தவர். எல்லா வசதியும் உள்ள ஒரு கிளப்பில் அவருக்கே ஒன்பது மாதம் ஆனது என்றால், பத்து லிட்டர் பால் கேனை எடையாகத் தூக்குகிற நான் அவசரப்பட என்ன இருக்கிறது? அந்தக் கணக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தடுப்பாட்டக்காரியின் காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஆடி வளர்ந்தது செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. அறுவடை முடிந்த வயலில், பையன்களோடு. எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி முன்பே நின்று பந்து வாங்கக் கூடாது என்கிற ஆஃப்சைடு விதி செவன்ஸில் கிடையாது. ஆளை விடாமல் துரத்தினால் போதும். பதினைந்து வயதில் பதினொருவர் ஆட்டத்துக்கு வந்தபோதுதான் நான்கு பேர் ஒரே கோட்டில் ஏறி இறங்குவதைக் கற்றேன். அதில் பாதி நேரம் பின்னோக்கித்தான் ஓடுகிறோம். முன்கள ஆட்டக்காரி எப்போது, எந்தப் பக்கம் திரும்புவாள் என்பது அவளுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. அவள் திரும்பிய பிறகு நம் கால் பதில் சொல்ல வேண்டும். ஓட முடியாத மாதங்களில் ஆஷாலதா தேவியின் பழைய ஆட்டங்களைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சேது, கோகுலம் கிளப்புகளுக்கு ஆடிய அந்த மணிப்பூர் தடுப்பாட்டக்காரியின் பாதங்களை மட்டும் பார்த்தேன், பந்தைப் பார்க்கவில்லை.

நான்காம் மாதம் நேராக ஓட விட்டார்கள். கூம்புகளைச் சுற்றி ஓடுவதும் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் கூம்பு நகராது. அதைச் சுற்றத் தெரிந்த காலை நம்பி ஆட்டத்துக்குப் போகக் கூடாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசியபோது எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. உயரே அடித்த பந்து எங்கள் ஊர்க் காற்றில் நின்று, பின் எங்கேயோ விழும். அதைக் கணிக்கப் பழகித்தான் நான் தடுப்பாட்டக்காரி ஆனேன். அந்தக் காற்றில் பின்னோக்கி ஓடுவேன். சித்தி மகள் எதிரே நின்று சிவப்புத் துணியோ மஞ்சள் துணியோ தூக்குவாள். சிவப்பென்றால் இடம், மஞ்சளென்றால் வலம். முதல் வாரம் ஒவ்வொரு மஞ்சளுக்கும் வயிற்றைப் பிசைந்தது. கால் தயாராக இருந்தது, நான் அரை நொடி தயங்கினேன். அந்த அரை நொடி போக நாற்பது நாளுக்கு மேல் ஆனது.

எட்டாம் மாதச் சோதனையில் ஒற்றைக் காலில் தாவிய தூரம், இடது காலோடு ஒப்பிட்டால் 84 சதவீதம். 90 வேண்டும். ஓணத்தின்போது ஒன்பது மாதம் முடிந்திருந்தது, கணக்கு 88-இல் நின்றது. ஓணத்துக்கு ஊரில் பெண்கள் ஆட்டம் வைத்தார்கள். “பத்து நிமிடம் நின்றால் போதும், கண்ணு” என்று மாமா கேட்டார். மறுப்பது கடினமாக இருந்தது. ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பினால் மறுபடி அறுகிற ஆபத்து மிக அதிகம். ஒன்பது மாதம் ஆகிவிட்டது என்பதாலேயே அது நீங்கிவிடுவதும் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் கொடுத்தேன்.

அக்டோபர் நடுவில் 93 வந்தது. மாதக் கடைசியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் இருபது நிமிடம் இறக்கினார்கள். ஏழாம் நிமிடத்தில் ஒருத்தி இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் வெட்டினாள். திரும்பினேன். பந்து என் காலில் பட்டு வெளியே போனது. “லைன்!” என்று கத்தினேன். நான்கு பேரும் ஏறினோம்.

மறுநாள் காலை அம்மா நாடாவை எடுத்து வந்தார். இடது முழங்காலை அளந்தார், வலதை அளந்தார், வலதை மறுபடி ஒரு முறை அளந்தார். நோட்டில் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை எழுதிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.