குச்சி எடுத்து ஓட்டுப் போட்ட பிக்குகள்

மக்களாட்சிக்கு நம் நாட்டில் வேர் எங்கே என்று பேச்சு வந்தால் உடனே உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய்விடுவோம். போகவேண்டியதுதான். ஆனால் பராந்தக சோழனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, கங்கைக் கரையில் புத்த பிக்குகளின் சங்கம் கூட்டம் நடத்திய முறை இருக்கிறதே, எனக்கு அதுதான் இன்னும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

விதிகள் எல்லாம் பிக்குகளின் ஒழுங்குமுறைகளைச் சொல்லும் நூலான விநய பிடகத்தில் இருக்கின்றன. முதலில் ஒருவர் தீர்மானத்தை முன்வைக்கவேண்டும், அதற்கு ஞத்தி என்று பெயர். பிறகு சபையின் சம்மதத்தைக் கேட்கவேண்டும்: சிறிய காரியத்துக்கு ஒருமுறை, ஒருவரைப் புதிதாகப் பிக்குவாகச் சேர்ப்பது மாதிரி பெரிய காரியத்துக்கு மூன்று முறை. சம்மதம் என்றால் பேசாமல் இருக்கலாம், மறுப்பு இருந்தால் வாய் திறந்து சொல்லவேண்டும். காரியத்தைப் பொறுத்து நான்கு, ஐந்து, பத்து, இருபது பேராவது இருந்தால்தான் முடிவு செல்லும். உடம்பு முடியாமல் படுத்திருக்கும் பிக்கு தன் சம்மதத்தை இன்னொருவரிடம் சொல்லியனுப்பவேண்டும்.

பேசித் தீராத சண்டை என்றால் ஓட்டெடுப்பு. இரண்டு தரப்புக்கும் வேறு வேறு நிறத்தில் குச்சிகள், சலாகை என்பார்கள். ரகசியமாக எடுக்கலாம், காதோடு சொல்லி எடுக்கலாம், எல்லோர் முன்னாலும் எடுக்கலாம். ரகசிய முறையில், எடுத்த குச்சியை யாருக்கும் காட்டாதே என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியே கொடுப்பார்கள்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதைத்தான் எடுத்துச் சொன்னார். புத்தர் இந்த விதிகளை அன்றைய அரசியல் சபைகளிடமிருந்து எடுத்திருக்கவேண்டும் என்றார், அப்புறம், இந்த முறையை இந்தியா ஒருமுறை தொலைத்துவிட்டது, மறுபடியும் தொலைக்குமா என்றும் கேட்டார். அரசியல் சபைகள் என்றால் வைசாலியிலிருந்து சபை கூடி ஆண்ட வஜ்ஜிகள் என்ற கூட்டத்தார் போன்றவர்களுடையவை. அங்கே கூடிப் பேசி ஆண்டார்கள், உண்மை, ஆனால் உட்கார இடம் சத்திரிய குலத்தாருக்கு மட்டும்தான், உழைத்தவர்களுக்கும் அடிமைகளுக்கும் கிடையாது. நாம்தான் உலகத்துக்கே முதலில் சொல்லிக்கொடுத்தோம் என்று மார்தட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சங்கத்தின் விதியிலும் ஒரு நெருடல் உண்டு. ரகசிய ஓட்டெடுப்பில் தர்மத்துக்கு விரோதமான பக்கம் ஜெயித்தால், குச்சி கொடுப்பவர் அது செல்லாது என்று மறுபடி நடத்தலாம். அதனால்தானோ என்னவோ, அந்த வேலைக்கு வருகிறவர் ஆசை, கோபம், மயக்கம், பயம் இவற்றுக்கு ஆட்படாதவராக, எது எடுக்கப்பட்டது எது எடுக்கப்படவில்லை என்று தெரிந்தவராக இருக்கவேண்டும், அவரை நியமிப்பதற்கே சபையில் தீர்மானம் வைத்துச் சம்மதம் வாங்கவேண்டும் என்று வைத்தார்கள். அப்படியும் ஒரே ஆள் கையில் அவ்வளவு அதிகாரம் இருந்தது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.