தீத்தட்டுக்குள் தண்ணீர் விட்ட கதை

என் பட்டறை மேசையில் காகிதங்கள் பறந்துவிடாமல் இருக்க ஒரு பாரம் வைத்திருக்கிறேன். பாய்லர் அடுப்பில் விறகைத் தாங்கும் தீத்தட்டிலிருந்து கழற்றிய வார்ப்பிரும்புக் கம்பியின், அதாவது கிரேட் பாரின், அரை முழத் துண்டு அது. முருங்கைக்காய் போல ஒரு பக்கம் வளைந்து, மேற்புறம் செதில் செதிலாக உதிர்ந்து கிடக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் இராமநாதபுரம் கரையோரத்தில் பாரம் வைக்காமல் யாரும் வரைபடம் விரிக்க முடியாது என்பதால், அடுப்பில் ஏழு மாதம் மட்டுமே தாங்கிய அந்த இரும்பு மேசையில் மூன்றாண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த பார் வந்த இடம், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், அலையோசை கேட்கும் தூரத்தில் இருக்கும் ஒரு மீன்தூள் ஆலை. மணிக்கு ஒரு டன் நீராவி தரும் சிறிய பாய்லர்; வேலை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ; எரிபொருள், இந்த மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் கையில் சிக்கும் சீமைக்கருவேல விறகு. ஆண்டுக்கு இரண்டு முறை கிரேட் பார்களை மாற்றிச் சலித்துப்போன முதலாளி, இன்னும் தடித்த பார் போட்டுத் தர முடியுமா என்றுதான் என்னிடம் கேட்டார். தடிமனைக் கூட்டினால் வளைவதற்கு இன்னும் இரண்டு மாதம் கூடும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, தட்டையே பாய்லர் தண்ணீர் ஓடும் குழாய்களால் செய்து பார்க்கலாமா என்று நான் கேட்டேன். அதிலிருந்து தொடங்கியது இது.

வழக்கமான தீத்தட்டில் அடியிலிருந்து வரும் காற்றுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று விறகை எரிப்பது. மற்றொன்று, பலரும் மறந்துவிடுவது, இரும்பைக் குளிரவைப்பது. சாம்பல் வார்ப்பிரும்பு 550 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் இருந்தால் உள்ளுக்குள் உப்பிப் பருத்து, மேலே செதில் விடத் தொடங்கும். அதற்கு மேலிருக்கும் கரிப்படுகையோ ஆயிரம் டிகிரியைத் தொட்டு நிற்கும். இடையில் இரும்பைக் காப்பாற்றுவது அடியில் ஓடும் காற்றும், மேலே படிந்திருக்கும் சாம்பலும் மட்டுமே. அதனால்தான் நீராவித் தேவை குறைந்த நேரத்தில் ஃபயர்மேன் காற்றுக்கதவான டேம்பரை மூடித் தீயைத் தணித்தால், தீ தணிகிறது, ஆனால் பார் காய்கிறது. இந்த ஆலையில் பார்கள் வளைந்ததெல்லாம் முழு வேகத்தில் ஓடிய பகல் ஷிப்டில் அன்று. மீன் வரத்து இல்லாமல் அடுப்பை மூட்டம் போட்டு வைத்த இரவுகளில்தான்.

விறகின் தேவை இதற்கு நேர் எதிரானது. உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஆவியாகிப் பறக்கும் பொருள். அது தட்டின் மீது எரிவதில்லை, தட்டுக்கு மேலே உள்ள காலி இடத்தில் சுடராக எரிகிறது. ஆகவே மொத்தக் காற்றில் ஏறத்தாழ பாதியைப் படுகைக்கு மேலே வேகமாகச் செலுத்திக் கலக்கினால்தான் புகை கறுக்காது. ஆனால் பார் வளைந்துவிடும் என்ற பயத்தில் நாம் முக்கால்வாசிக் காற்றை அடியிலேயே ஊதுகிறோம். தட்டுக்குள் தண்ணீர் ஓடினால் இரும்பைக் குளிரவைக்கும் பொறுப்பு காற்றின் தலையிலிருந்து இறங்கிவிடும். பிறகு காற்றைத் தீ கேட்கும் இடத்தில், கேட்கும் அளவில் கொடுக்கலாம். தண்ணீர் ஓடும் தட்டின் பெரிய ஆதாயம் பார் செலவு மிச்சமாவது என்று முதலாளி கணக்குப் போட்டார். எனக்கு அது இரண்டாம் பட்சமாகவே பட்டது.

கணக்கு இதுதான். மணிக்கு ஒரு டன் நீராவிக்கு, கிலோவுக்கு 3,500 கிலோகலோரி தரும் விறகு 245 கிலோ அளவில் வேண்டும். எரிவதற்கு வேண்டியதைவிட 40 விழுக்காடு கூடுதலாகக் காற்று கொடுத்தால் மணிக்குச் சுமார் 1,550 கனமீட்டர். அதில் பாதி தட்டின் வழியே போகட்டும். தட்டின் பரப்பு 1.2 சதுர மீட்டர். பழைய பார்களுக்கு இடையிலான திறப்பு மொத்தப் பரப்பில் 30 விழுக்காடு என்று வைத்தால், காற்று அந்தச் சந்துகளில் வினாடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில்தான் போகும்; தட்டு காட்டும் தடை அரைப் பாஸ்கல்கூடத் தேறாது. அதற்கு மேலிருக்கும் விறகுப் படுகையின் தடையோ பல பத்துப் பாஸ்கல். அப்படியானால் காற்று எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது தட்டு அன்று, படுகை. விறகு எரிந்து ஓட்டை விழுந்த இடத்தில் காற்று பத்து மடங்கு வேகத்தில் பாயத் தயாராக நிற்கும். விறகு குவிந்த இடம் மூச்சுத் திணறும். ஃபயர்மேன் நாள் முழுவதும் கம்பியால் கிளறிக்கொண்டிருப்பது இந்த ஒரு குறையை ஈடுசெய்யத்தான்.

இதோடு கச்சானும் சேர்ந்துகொள்ளும். வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று ஒரு சுவரில் மோதினால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 58 பாஸ்கல். 15 மீட்டர் உயரப் புகைபோக்கி, 200 டிகிரிப் புகையோடு, இழுக்கும் இழுவையும் ஏறத்தாழ 60 பாஸ்கல்தான். மேற்குப் பார்த்த சாம்பல் குழி வாசல் உள்ள அடுப்பில் ஆடி மாதம் பிற்பகலில் தீ ஏன் பேய்பிடித்தாற்போல் ஆடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுகிறவர்கள் அடுப்பு வாயைக் காற்றுத் திசை பார்த்து மாற்றி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் பதினைந்து டன் செங்கலும் இரும்புமாகக் கட்டிவிட்டதால் எங்களுக்கு அந்த வசதி இல்லை.

முதல் தட்டை நான் தவறாகச் செய்தேன். இரண்டு அங்குலத் தையலில்லாக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் கிடைமட்டமாக அடுக்கி, இரு முனைகளையும் ஹெடர்களில், அதாவது எல்லாக் குழாய்களும் வந்து சேரும் பொதுக் குழாய்களில், பற்றவைத்து, தண்ணீர் நிற்கும் உருளையான பாய்லர் ஷெல்லோடு இணைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. நான்காம் மாதம் ஒரு விடியற்காலையில் அடுப்புக்குள் சீறல் கேட்டு, தீ தானாகவே அணைந்தது. குளிர்ந்தபின் உள்ளே நுழைந்து பார்த்தால், நடுவில் இருந்த ஒரு குழாயின் மேற்புறம் இரை விழுங்கிய பாம்பு போலப் புடைத்து, புடைப்பின் உச்சியில் நகக்கீறல் அளவு வெடிப்பு. அந்தத் துண்டை அறுத்து நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். உள்ளே இரு பக்கமும் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பட்டறையிலிருந்து போனபோது இருந்த நிறம், மேலே கருகிய கறுப்பு. தண்ணீர் அந்தக் கோடு வரைதான் இருந்திருக்கிறது. அதற்கு மேலே நீராவி.

சுவர்க் குழாய்களில் தீ பக்கவாட்டில் இருப்பதால் குமிழிகள் கிளம்பிய கையோடு மேலே ஓடிவிடும். தீத்தட்டுக் குழாயில் தீயே மேலே இருக்கிறது. குமிழியும் மேற்புறத்தில்தான் போய் ஒட்டும். கிடைமட்டக் குழாயில் அதற்கு நகர வழியில்லை. கொதிக்கும் தண்ணீர் இரும்பிலிருந்து எடுத்துச்செல்லும் வெப்பத்தில் ஒரு சிறு பங்கைத்தான் தேங்கிய நீராவியால் எடுக்க முடியும் என்பதால், மிக அதிகச் சூடு படும் இடத்திலேயே குளிர்ச்சி இல்லாமல் போனது. இதைப் பாடமாகப் படித்திருந்தும் அழகுக்காக மட்டம் வைத்தேன் என்பதை இன்றும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் தட்டுக்கு 12 டிகிரிச் சாய்வு கொடுத்தேன். வாசல் பக்கம் தாழ்ந்த முனை. பின்சுவர்ப் பக்கம் உயர்ந்த முனை. ஷெல்லின் அடியிலிருந்து அடுப்புக்கு வெளியே, சூடு படாமல் இறங்கும் குழாய் தாழ்ந்த ஹெடருக்கு வரும். நீராவி கலந்த தண்ணீர் உயர்ந்த ஹெடரிலிருந்து நேராக ஷெல்லுக்கு ஏறும். பம்பு இல்லை, அடர்த்தி வேறுபாடே தண்ணீரைச் சுழற்றுகிறது. பம்பு வைக்கச் சொன்னவர்களும் உண்டு. நம் ஊரில் கரண்டு போகும்போது காற்று ஊதும் விசிறி நின்றாலும் படுகையில் ஒரு மணி நேரத்துச் சூடு மிச்சம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பம்பும் நின்றிருக்கும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. பாய்லரோடு இணைந்த குழாய் அழுத்தம் தாங்கும் பாகம் ஆகிவிடுவதால், 1950-ஆம் ஆண்டு இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகளின்படி வரைபட ஒப்புதல், சான்று பெற்ற வெல்டர், ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நீர்ச் சோதனை எல்லாம் உண்டு. 1923-ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்தின் இடத்துக்கு 2025-இல் புதிய சட்டம் வந்துவிட்டது. வெல்டுக்கு உள்ள கண்டிப்பு அப்படியேதான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

குழாய்களுக்கு இடையில் 6 மி.மீ. தகடுகளைப் பற்றவைத்து, தட்டை ஒரே பலகையாக்கினேன். தகட்டின் அகலம் 44 மி.மீ. சாம்பல் மூடிய தட்டில் சதுர மீட்டருக்கு 50 கிலோவாட் வெப்பம் இறங்குகிறது என்று வைத்தால், தகட்டின் நடு, குழாயைவிட 45 டிகிரி கூடுதலாக இருக்கும். அகலத்தை இரட்டித்தால் இந்த வேறுபாடு நான்கு மடங்காகும். குழாய் எண்ணிக்கையைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தட்டு மொத்தமாக உறிஞ்சும் 60 கிலோவாட், விறகு தரும் வெப்பத்தில் ஆறு விழுக்காடு. அது ஷெல்லுக்கே போவதால் நீராவியாகத் திரும்பிவிடுகிறது.

துளைகள் எல்லாம் அந்தத் தகடுகளில். 8 மி.மீ. விட்டம், ஏறத்தாழ 300 துளைகள், மொத்தத் திறப்பு பரப்பில் 1.25 விழுக்காடு. முப்பதிலிருந்து ஒன்றேகாலுக்கு இறங்கியதைக் கேட்டுத் தீ மூச்சு முட்டிச் சாகும் என்றார் முதலாளி. காற்றின் அளவு அதே. அதைத் தள்ள விசிறி இப்போது தட்டில் மட்டும் 25 மி.மீ. நீர்மட்ட அழுத்தம், அதாவது 245 பாஸ்கல், செலவிட வேண்டும். தடை தட்டிடம் வந்துவிட்டதால் படுகையில் ஓட்டை விழுந்தாலும் அந்த இடத்தில் காற்று பத்தில் ஒரு பங்குதான் கூடும். கச்சானின் 58 பாஸ்கலுக்கும், சாம்பல் குழியை மூடி விசிறியிலிருந்து குழல் வழியே காற்று தருவதால், உள்ளே வர வாசல் இல்லை. சாம்பல் வந்து சேரும் தாழ்ந்த முனையில் துளைகளை நெருக்கமின்றியும், விறகு விழும் நடுப்பகுதியில் நெருக்கமாகவும் போட்டேன். ஒவ்வொரு துளையையும் அடிப்புறத்தில் அகலமாகக் குடைந்திருக்கிறது. உள்ளே நுழைந்த துணுக்கு சிக்காமல் கீழே விழுந்துவிட வேண்டும் என்பதற்காக.

கரையோர விறகின் தனிக் குணத்தைச் சொல்லாமல் விட முடியாது. உப்பளத்து வரப்போரம் வெட்டியதும், கடற்கரையில் மாதக்கணக்கில் அடுக்கிச் சாரல் பட்டதுமான விறகு எரியும்போது சுடர் ஆரஞ்சாகத் தெறிக்கும், அது சோடியம். விறகின் சொந்தப் பொட்டாசியமும் சேர்ந்துகொள்ளும். பொட்டாசியம் குளோரைடு தனியாக 770 டிகிரியிலும், சாதா உப்பு 801 டிகிரியிலும் உருகும். இரண்டும் கலந்தால் 660 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். மணலும் சேர்ந்து அது கண்ணாடிப் பாகாகி, பழைய பார்களின் சந்துகளில் இறங்கி உறைந்து கிட்டமாகி, கடப்பாரைக்கும் அசையாது. புதிய தட்டின் மேற்பரப்பு 250 டிகிரிக்குள் இருப்பதால் பாகு தொட்டவுடன் இறுகிவிடுகிறது. இரும்போடு பற்றிக்கொள்ள அதற்கு நேரமில்லை. காலையில் கரண்டியை அடியில் கொடுத்து நெம்பினால் அடை போலப் பெயர்ந்து வருகிறது.

அங்கே இருபது ஆண்டுகளாக ஃபயர்மேனாக இருக்கும் கீழக்கரைப் பாய் இதைப் பெயர்த்துக் காட்டிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "தட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இனிமே நான் தீயைப் பாத்தா போதாது, தண்ணியையும்ல பாக்கணும்."

அவர் சொன்னது சரி. இங்கே கிணற்று நீரும் போர் நீரும் உவர்ப்பு. கொதிக்கவைத்தால் சுண்ணம் படியும். குழாயின் உள்ளே ஒரு மி.மீ. படிவு இருந்தால், 50 கிலோவாட் வெப்பத்தில் இரும்பு 50 டிகிரி கூடுதலாகச் சூடேறும். சாம்பல் விலகி நேரடியாகக் கரி படும் இடத்தில் வெப்பம் மூன்று மடங்கு. அங்கே மூன்று மி.மீ. படிவு என்றால் 450 டிகிரி கூடி, 184 டிகிரிக் கொதிநீரைச் சுமக்கும் குழாய் 630 டிகிரியைத் தாண்டும். சாதாரணக் கார்பன் எஃகு 450-க்கு மேல் நீடிக்காது. நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மட்டும் போதும் என்று ஆலையில் நினைத்தார்கள். அது சுண்ணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடும். கரைந்த உப்பின் அளவு குறையாது. கடைசியில் உப்பை வடிகட்டும் ஒரு சிறிய ஆர்.ஓ. வைத்து, அதற்குப் பின் சாஃப்ட்னர் என்று முடிவானது. சேறு தங்குவது தாழ்ந்த ஹெடரில் என்பதால் அங்கேயே அதை வெளியே தள்ளும் ப்ளோடவுன் வால்வு. ஷிப்டுக்கு ஒரு முறை சில வினாடிகள் திறக்க வேண்டும். அந்த நோட்டுப் புத்தகத்தில் பாய் நாள் தவறாமல் கோடு போடுகிறார்.

ஈர விறகு இந்தத் தட்டுக்கு ஆகாது. அடியிலிருந்து குளிர்ச்சி இருப்பதால் ஐப்பசி மழையில் நனைந்த கட்டை பற்றிக்கொள்ள வெகு நேரம் பிடிக்கிறது. பின்சுவரிலிருந்து முன்னோக்கி ஒரு தீச்செங்கல் வளைவு கட்டி, அதன் அனல் விறகின் மீது அடிக்கும்படி செய்தபின் பாதி சரியானது. மீதிப் பாதிக்கு விறகின் மேல் தகரக் கொட்டகை போட வேண்டியிருந்தது.

ஓராண்டு கழித்து, ஆலை நின்ற வாரத்தில் தட்டைத் திறந்து பார்த்தேன். தாழ்ந்த ஹெடரில் ஒரு கைப்பிடிச் சேறு. குழாய்களுக்குள் விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டும் மெல்லிய படலம். முந்நூறு துளைகளில் பதினேழு அடைத்திருந்தன, அவற்றில் பதினாறு பக்கச் சுவரை ஒட்டிய வரிசைகளில். சூடேறிய செங்கல் சுவரில் படிந்த பாகு வழிந்து இறங்கி, சுவரோரத் துளைகளில் விழுந்து உறைந்திருக்கிறது; நடுத்தட்டில் ஏமாந்த பாகு ஓரத்தில் வேலையைக் காட்டிவிட்டது. இப்போது பட்டறையில் தயாராகும் அடுத்த தட்டில் சுவரோரம் இரு பக்கமும் ஒரு குழாயைக் கூடுதலாக நிறுத்தி, அதை ஒட்டிய தகட்டைத் துளைக்காமல் விட்டிருக்கிறேன். அங்கே குறையும் காற்றை நடு வரிசைகளில் தகட்டுக்கு நான்கு துளை கூட்டி ஈடு செய்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நீர்ச் சோதனை.