தீபாவளிக்குக் கொடுத்த சரக்கு, பொங்கலுக்கு வந்த பணம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, ஆறு வருஷம் ஆகிறது. காபி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அக்கா, வேலையை விட்டுட்டு பாக்குமட்டைத் தட்டு மிஷின் போடலாம்னு இருக்கேன், நான் அதுக்கு ரெடியா இல்லையான்னு நீ சொல்லு" என்றான். மற்றவர்களை விட்டுவிட்டு என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. கடலூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே முந்திரிப்பருப்பு வியாபாரமும் செய்கிறேன், இந்தக் கேள்வியோடு நானும் இரண்டு வருஷமாகத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு அவனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், அவனைப் போல யோசிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும்.

எனக்கு இந்தத் தொழில் மாமா வழியாக வந்தது. பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் அவருக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையேறியபோது தோப்பில் முக்கால்வாசி மரம் வேரோடு சாய்ந்துவிட்டது, பலாவும் போனது. ஒட்டுக்கன்று நட்டால்கூட காய்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். அந்த வருஷங்களை அவர் அடுத்தவர் பட்டறையில் கொட்டை உடைக்கும் வேலையை மேற்பார்வை பார்த்து ஓட்டினார். நான் வியாபாரம் செய்யப் போகிறேன் என்று போய் நின்றபோது முதல் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று எதையும் அவர் கேட்கவில்லை. "நாலு மாசம் ஒரு பைசா கைக்கு வரலைன்னா என்னம்மா பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார். பெரியவர்கள் பயத்தில் கேட்பது என்று நினைத்து, பார்த்துக்கலாம் மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2024 மே மாதம் ஆரம்பித்தேன். பண்ருட்டிப் பக்கம் சின்ன பட்டறைகளில் பருப்பு எடுத்து, பத்து கிலோ டின்னாக இங்கேயும் புதுச்சேரியிலும் ஸ்வீட் கடைகளுக்குப் போடுவது. முழுப்பருப்பு, பாதி, உடைசல் என்று ரகம் உண்டு. முழுப்பருப்பில் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 பருப்பு நிற்கும், டபிள்யூ 240 என்றால் அதைவிடப் பெரிசு, 220 முதல் 240. இதையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். பருப்பு நமுத்துப் போவதுதான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம். நான் இருப்பது தேவனாம்பட்டினத்துக்குப் போகிற வழியில், கடல்காற்று வீட்டுக்குள்ளேயே வரும். டின்னைத் திறந்து வைத்துவிட்டு ஒரு ராத்திரி தூங்கினேன், காலையில் எட்டு கிலோ பருப்பில் மொறுமொறுப்பே இல்லை.

எல்லை விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் தொழில் தொடங்குகிற யாருக்கும் இது வந்தே தீரும். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, கன்னியக்கோயில் வந்தால் வேறு நிர்வாகம். நமக்கு அது பக்கத்து ஊர், சினிமாவுக்கும் ஜவுளிக்கும் போய் வருகிற ஊர். ஜிஎஸ்டி சட்டத்துக்கு அது வெளி மாநிலம் மாதிரி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, ஆனால் எல்லை தாண்டி ஒரு டின் முந்திரி விற்றாலும் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கிற எனக்கே முதலில் இது உறைக்கவில்லை, புதுச்சேரிக் கடைக்காரர் பில் கேட்டபோதுதான் ஆடிட்டரிடம் ஓடினேன். பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது, ஆனால் அதற்கப்புறம் ஒன்றுமே விற்காத காலத்துக்கும் ரிட்டர்ன், அதாவது விற்பனை, வரிக் கணக்கு, போட்டாக வேண்டும், தவறினால் விற்பனை இல்லாத ரிட்டர்னுக்கே ஒரு நாளைக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் ஆன்லைனில் சுலபமாக முடிந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உத்யம் பதிவுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அது இலவசம்.

சரி, தீபாவளிக்கு வருகிறேன். அந்த வருஷம் அக்டோபர் 31 தீபாவளி. சாதாரண மாதத்தில் 160 கிலோ போய்க்கொண்டிருந்தது, செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஒரே மாதத்தில் 600 கிலோ ஆர்டர் வந்தது. கிலோ 760 ரூபாய்க்கு எடுத்து 820 ரூபாய்க்குக் கொடுத்தேன், வரி தனி. கிலோவுக்கு 60 ரூபாய், 600 கிலோவுக்கு 36,000. என் மாதச் சம்பளம் 31,000. அந்த வாரம் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்துகொண்டு, நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ராஜினாமா கடிதம் டைப் செய்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான், "பில் பணம் எல்லாம் வந்துடட்டும், அப்புறம் கொடு" என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது.

600 கிலோவுக்குச் சரக்கு வாங்க 4,56,000 ரூபாய் வேண்டியிருந்தது. பட்டறையில் கையில் காசு, டின்னில் பருப்பு, கடன் பேச்சே கிடையாது. சேமிப்பிலிருந்து இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், என் வளையலையும் அத்தையின் செயினையும் வங்கியில் வைத்து இரண்டரை லட்சம். கடைகளில் பாதிப் பணம் தீபாவளிக்குள் வந்தது. மீதி, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், நவம்பர் கடைசியில் தருகிறோம் என்றார்கள். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து இந்தப் பக்கமும் புகுந்தது. கடைகளில் தண்ணீர், ஃபிரிட்ஜ் போனவர்கள், மாவு மூட்டை நனைந்தவர்கள். அவர்களிடம் போய் என் பணத்தைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை, கேட்டிருந்தாலும் அவர்களிடம் இல்லை. முழுப் பணமும் கைக்கு வந்தது பொங்கல் முடிந்து. அதுவரை நகைக்கடன் வட்டி மாதம் 1,875 ரூபாய் ஓடியது, பட்டறைக்குக் கொடுக்கக் காசு இல்லாததால் டிசம்பரில் ஒரு டின்கூட எடுக்க முடியவில்லை. அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் டிசம்பரில் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. மாமா கேட்ட நாலு மாதம் அதுதான். இன்னொன்று, நான் அந்த வேலையில் சேர்ந்தது 2020 ஆகஸ்ட். தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை பார்த்தால்தான் வேலையை விடும்போது கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை கிடைக்கும், பத்து மாதம் பாக்கி இருந்தது, அதை யோசிக்கவே இல்லை.

யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் பாக்கி வைக்காமல் கொடுத்தார்கள். தாமதமாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தை என் முதலீட்டில் ஒரு பகுதியாக நான் எண்ணவே இல்லை. சின்ன நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள், உண்மைதான், ஆனால் சரக்கை வாங்கி அப்படியே விற்கிற என்னைப் போன்ற வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் பயன்படும், அந்த 45 நாள் பாதுகாப்பு சேராது.

ஜனவரியில் ஒரு ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். சாதாரண மாதம் 160 கிலோ, அதற்கு முதல் 1,21,600. கடைகள் பணம் தர சராசரியாக இரண்டு மாதம். அப்படியென்றால் என் பணம் 2,43,200 ரூபாய் எப்போதும் அடுத்தவர் கடையில் கிடக்கும், அதற்கு மாதம் எனக்குக் கிடைப்பது 9,600. சரி, சம்பளம் அளவுக்கு, 31,000 சம்பாதிக்க வேண்டுமென்றால்? மாதம் 517 கிலோ போக வேண்டும், அதற்கு இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட எட்டு லட்சம் ரூபாய் வெளியில் நிற்கும். எட்டு லட்சம் என்னிடம் இல்லை. அக்டோபரில் 36,000 பார்த்த அதே ஆள், அதே தொழில்தான். தைரியம் எனக்கு நிறைய இருந்தது, உழைப்புக்கும் குறைவில்லை, ஆனால் அந்தக் கணக்கின்படி நான் தயாராக இல்லை, அதைப் பார்க்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

அப்புறம் வழியை மாற்றினேன். கால் கிலோ பாக்கெட் போட்டு நேராக வீடுகளுக்கு விற்க ஆரம்பித்தேன், ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளின் ஸ்கூலில் அறிமுகமான அம்மாக்கள், வெளிநாட்டுக்குக் கிளம்புகிற குடும்பங்கள், புதுச்சேரியில் விடுதி நடத்துகிற இரண்டு பேர். கவர், ஒட்டும் கூலி போக கிலோவுக்கு 140 ரூபாய் நிற்கிறது, பணம் அன்றைக்கே வருகிறது. அளவு சின்னது, சனி ஞாயிறு முழுக்க அதிலேயே போகிறது, முதுகு வலிக்கிறது. ஆனால் இந்த வேலையின் எந்தப் பகுதி எனக்குப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதும் இதில்தான் தெரிந்தது. பருப்பைக் கையில் எடுத்து ரகம் பிரிப்பது பிடிக்கும். பாக்கி கேட்டு ஃபோன் செய்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, செய்தாக வேண்டும், இப்போது செய்கிறேன்.

இப்போது பண்டிகை இல்லாத மாதத்தில் பாக்கெட்டில் 110 கிலோ, 15,400 ரூபாய். பதினைந்து நாளில் பணம் தருகிற இரண்டு கடைக்கு மட்டும் டின், 120 கிலோ, 7,200. பெட்ரோல், ஆடிட்டர் என்று 3,000 கழித்தால் 19,600 மீதி. வீட்டுச் செலவுக்கு என் பங்காகத் தேவைப்படுவது 24,000. இன்னும் 4,400 குறைகிறது. பண்டிகை இல்லாத மூன்று மாதம் தொடர்ந்து அந்த 24,000 வரட்டும், அதோடு ஆறு மாத வீட்டுச் செலவுப் பணம் தனியாக வங்கியில் நிற்கட்டும், அன்றைக்குக் கடிதம் கொடுப்பேன். வீட்டுக்காரரும் அத்தையும் இந்த எண்ணை அறிவார்கள், ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தம்பியிடம் இதைத்தான் வேறு மாதிரி கேட்டேன். மிஷின் ஒன்றரை லட்சம், மிஷின் விற்பவரே நாம் செய்கிற தட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறாராம். எனக்கு அந்த இடத்தில்தான் பயம். தட்டுக்கு அவ்வளவு கிராக்கி என்றால் அவரே பத்து மிஷின் போட்டு ஓட்டலாமே, எதற்கு உனக்கு விற்கிறார் என்று கேட்டேன். எழுத்தில் கொடுத்திருக்கிறாரா, தட்டுக்கு என்ன விலை, ரிஜெக்ட் என்று தள்ளினால் யார் பொறுப்பு, எதற்கும் பதில் இல்லை. பாக்குமட்டையும் நம் பக்கம் விளைவதில்லை, மேற்கேயிருந்து லாரியில் வர வேண்டும். தொழில் தொடங்க மத்திய அரசுத் திட்டத்தில் கொடுக்கிற பி.எம்.இ.ஜி.பி. கடனில் மானியம் வருமே என்றான். வரும், மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேள், ஆனால் அந்த மானியம் உன் கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே டெபாசிட்டாக நிற்கும், அதுவரை தொழில் ஓடினால்தான் கடனில் கழிப்பார்கள் என்று சொன்னேன். அவன் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள், சித்தியின் சர்க்கரை மாத்திரை அதில்தான் வருகிறது. வேலையை விட்டால் அது மாதம் எவ்வளவு என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. அதைச் சித்தியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

மிஷினை இப்போது வாங்காதே, வேறு யாரிடமாவது இரண்டாயிரம் தட்டு வாங்கி மூன்று மாதம் விற்றுப் பார் என்பதுதான் நான் கடைசியாகச் சொன்னது. விற்கத் தெரிந்தால் செய்யக் கற்றுக்கொள்ளலாம். கொஞ்சம் முகம் வாடித்தான் போனான், நான் தடுக்கிறேன் என்று நினைத்திருப்பான், எனக்கும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

போன வாரம் ஃபோன் செய்தான். தட்டு வாங்கியிருக்கிறான், வில்லியனூர்ப் பக்கம் ஐந்து சமையல் கான்ட்ராக்டர்களைப் பார்த்திருக்கிறான். தை, மாசி முகூர்த்தத்துக்கு மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள், இரண்டாயிரமும் போய்விட்டது. ஒருவர் பணத்தைப் பந்தி முடிந்த அன்றே கொடுத்தார், இரண்டு பேர் பாக்கி. மாத்திரைச் செலவு மாதம் 1,100 என்று சித்தி சொல்லியிருக்கிறார்கள். குரலில் சந்தோஷம் தெரிந்தது, எனக்கும்தான். ஃபோனை வைக்கப் போகும்போது, "அக்கா, ஆடி மாசமும் மார்கழியும் கல்யாணமே இருக்காதே, அப்ப என்ன பண்றது?" என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.