டிசபிலிட்டி கேஸ்: வக்கீலிடமிருந்து எங்கள் பணத்தைத் திரும்ப வாங்கிய அனுபவம்

ஒருவழியாகச் செக் வந்துவிட்டது. அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி டிசபிலிட்டி உதவித்தொகைக்காக (உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தருவது) ஃபெடரல் கோர்ட் வரை போனவர்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள், எங்களுக்கு யாருமே சொல்லவில்லை.

என் கணவரின் கேஸை நீதிபதி மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பினார். அதுவே ஜெயித்ததாகத்தான் கணக்கு, 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயித்தவர் ஈஜா (EAJA) என்கிற 1980-ஆம் வருடச் சட்டப்படி வக்கீல் ஃபீஸை அரசிடமே கேட்கலாம். அரசுத் தரப்பு எதிர்க்காமல் ஒத்துக்கொண்டதால் அதில் தொல்லை இல்லை.

தொல்லை அப்புறம்தான். மறுவிசாரணையில் உதவித்தொகை கிடைத்தது. ஆனால் நிலுவைப் பணத்தில் 25 சதவீதத்தை வக்கீலுக்கென்று பிடித்து வைத்திருந்தார்கள், அவரும் கோர்ட்டில் மனுப் போட்டு அதை வாங்கிக்கொண்டார். ஒரே கோர்ட் வேலைக்கு இரண்டு ஃபீஸ்! சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. இரண்டில் எது சின்னத் தொகையோ அதை வக்கீல் நம்மிடம் திருப்பித் தந்தாக வேண்டும். ஈஜாவில் 6,000 டாலர், நிலுவையிலிருந்து 14,000 என்றால், அந்த 6,000 நமக்குச் சேர வேண்டியது.

வக்கீல் அலுவலகத்துக்குப் போன் செய்தால், "அது அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்த பணம் மேடம்" என்று ஒரே பதில். அடுத்து அக்கவுண்ட்ஸில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள், சொல்லவே இல்லை. "ஜெயித்துக் கொடுத்தவர்தானே, விட்டுவிடு" என்றார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. வேலைக்குப் போக முடியாத மனுஷனுடைய பணம் இது.

ஃபெடரல் கோர்ட் ஆவணங்களைப் பார்க்கும் பேசர் (PACER) தளத்தில் கேஸ் நம்பரைப் போட்டு, 25 சதவீத ஃபீஸுக்கான உத்தரவை எடுத்தேன். பக்கத்துக்கு 10 சென்ட், காலாண்டுக்கு 30 டாலருக்குள் என்றால் அதையும் கேட்பதில்லை. கடைசிப் பக்கத்தில், நீதிபதி கையெழுத்துக்கு நேர் மேலே, ஈஜா தொகையைக் கட்சிக்காரருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி. அதை மஞ்சளில் குறித்து, அலுவலகத்துக்கு அனுப்பாமல் நேரே வக்கீலுக்கே மெயில் போட்டேன். அன்று சாயங்காலமே அவர் போன் செய்து மன்னிப்புக் கேட்டார்.

கேஸ் இன்னும் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு: தீர்ப்பு இறுதியான 30 நாளுக்குள் ஈஜா மனு போக வேண்டும். அப்பீலுக்கு அரசுக்கு இருக்கும் 60 நாளையும் சேர்த்தால், தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாள். மனு போட்டாயிற்றா என்று வக்கீலிடம் நீங்களே கேளுங்கள். ஃபெடரல் கடன் ஏதாவது பாக்கி இருந்தால், பழைய மாணவர் கடனாக இருந்தாலும் சரி, அதை முன்கூட்டியே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். ஈஜா பணம் சட்டப்படி கட்சிக்காரருடையது என்று 2010-இல் தீர்ப்பாகியிருப்பதால், அந்தப் பாக்கியை அதிலிருந்தே கழித்துக்கொள்வார்கள்.